தண்டோரா போடும் பிள்ளைகள்

மயிலாப்பூர் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளி. பெயர் வேண்டாம். ஒரு தொண்டு நிறுவனத்துக் கலைக்குழு வந்து கை கழுவும் நாடகம் போட்டது. கிருமி வேஷம் கட்டின பையன் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு குதித்தான். சோப்பு வேஷம் கட்டினவன் அவனை விரட்டினான். பறை அடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று படிப்படியாகக் கழுவிக் காட்டினார்கள். பிள்ளைகளும் எழுந்து நின்று காற்றில் கை கழுவினார்கள். இதற்குப் பெயர் 'பங்கேற்பு'. கடைசியில், "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று குழுத்தலைவர் கேட்டார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அண்ணா, நம்ம ஸ்கூல் கொழாய்ல தண்ணியே வராதுண்ணா. வெறுங்கையத்தான் தேச்சினு இருந்தோம்."

எல்லாரும் சிரித்தார்கள். குழுத்தலைவரும் சிரித்தார். அப்புறம் நன்றியுரைக்குப் போய்விட்டார். பார்வையாளனாகப் போயிருந்த நானும் சிரித்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்த மைதானத்தில் சுகாதாரம் பற்றிப் பேசியது அந்தப் பெண் ஒருத்திதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

பள்ளிக்கூடத்தில் கலையை வைத்து உடல்நலமும் மனநலமும் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டால் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். நானே இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் சண்டை வேறு. நாடகத்தில் பேசுவது யாருடைய வாய், அந்த வாயிலிருந்து வருவது யாருடைய சொல் என்பதுதான்.

தோழர்களுக்குத் தண்டோராவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பறையடித்து ஊருக்குச் சேதி சொல்வது நம்ம சனத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை. வரி கட்டக் கடைசி நாள், ஏரியில் தண்ணீர் திறப்பு, ஊர்க்கூட்டம், எதுவானாலும் எழுதினவன் வேறொருவன். அடிக்கிற கையும் கத்துகிற தொண்டையும் மட்டும் நம்முடையவை. தான் சொல்லும் சேதியைப் பற்றி 'இது சரியா?' என்று கேட்கும் உரிமை தண்டோராக்காரனுக்குக் கிடையாது. 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, இந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும், மீறினால் நடவடிக்கை என்றார். நல்லது. விடுதலை கிடைத்து எழுபத்தைந்து வருஷம் கழித்தாவது தோன்றியதே!

ஆனால் அதே தண்டோரா சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பள்ளி நலவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் 'நலவாழ்வுத் தூதர்கள்'. வகுப்புத் தலைவர்களாக இருக்கும் பிள்ளைகள் 'சேதி கொண்டுசெல்பவர்கள்'. பதினோரு தலைப்புகள்: சத்துணவும் சுகாதாரமும், மனநலம், பாலினச் சமத்துவம், போதை, இனப்பெருக்க நலம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைக் கவனமாகக் கையாளுதல் என்று போகிறது பட்டியல். சாதி என்ற தலைப்பு மட்டும் அதில் கிடையாது. இந்த நாட்டில் ஒரு குழந்தையின் உடம்பையும் மனசையும் அன்றாடம் கிழித்துப்போடும் ஒன்று பதினோராவது தலைப்பாகக்கூட வர முடியவில்லை. சேதி கொண்டுபோகப் பிள்ளைகள் வேண்டும், சேதியை எழுதுவதற்கு வேண்டாம். இது தண்டோரா இல்லாமல் வேறென்ன?

என்னையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது முதன்முதலாக 1986இல் தெரியவந்தது இந்தச் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தது. அடுத்த வருஷம் அமெரிக்க உதவிப் பணத்தில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக இன்னொரு பெரிய திட்டம் வந்தது. கலைக்குழுக்களுக்கு அது அறுவடைக் காலம். கரகம், ஒயில், பறை, தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் கிராக்கி. எனக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்தது. கையில் ஒரு தாள் கொடுப்பார்கள், அதில் உள்ள 'கருத்து' அத்தனையும் பாட்டில் வந்தாக வேண்டும். வந்ததா என்று பார்க்க ஒருத்தர் குறிப்பேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் தொற்று குறைந்ததில் கூத்துக்காரர்களுக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பாலியல் தொழில் செய்யும் பெண்ணையும் லாரி டிரைவரையும் நோய் சுமக்கும் பேய்களாக நாங்கள் ஆடிக் காட்டிய ஆட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. கூட்டத்தில் டிரைவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்குமே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

*

இனி அடையாற்றுக்கு வருவோம். சுகாதாரம் என்ற சொல் நம் பிள்ளைகள்மீது எப்படி வீசப்பட்டது என்பதற்கு அடையாற்றைவிட நல்ல பாடம் எங்கும் கிடையாது.

1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், அடையாறு ஊரூர் பக்கம் சேரிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பஞ்சமர் பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். ஆல்காட்டைப் பண்டிதர் அயோத்திதாசர் அறிந்திருந்தார். 1898இல் பௌத்தம் தழுவ அவரோடு இலங்கைக்குப் போனார். பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நம் தோழர்களே பல பேர் மறந்துவிடுகிறோம். இராயப்பேட்டையிலிருந்து 1907 முதல் பத்திரிகை நடத்தியவர் நாடி பிடித்துப் பார்த்து மருந்தும் கொடுத்தவர். பிரசவம் பார்த்தது நம் சேரிக் கிழவிகள், புண் கட்டியது நாவிதர் வீடு. ஊரின் வைத்தியம் பூராவும் தீண்டத்தகாதவர் கையிலும் தீட்டுப்பட்டவர் கையிலும்தான் இருந்தது. அந்தக் கைகளைத்தான் பிற்பாடு 'சுத்தம் தெரியாத கைகள்' என்றார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஒருவர். ஆல்காட் 1907இல் இறந்த பிறகு சபைக்குத் தலைவரானவர். 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். காரணம் சாதி என்று சொல்லவில்லை, சுகாதாரம் என்றார். தலைமுறை தலைமுறையாகத் தின்ற தீனியாலும் குடியாலும் அந்த உடம்புகள் நாறுகின்றன, தினம் குளித்து நல்ல உணவு உண்டு வளர்ந்த பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரும் தகுதி வர இன்னும் சில தலைமுறைகள் தூய உணவும் தூய வாழ்வும் வேண்டும் என்று வாதிட்டார். பாபாசாகேப் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்ற நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துப்போட்டு அம்பலப்படுத்தினார். தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

படித்துவிட்டு ஒருநாள் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆல்காட் பெயரில் உள்ள பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம். பள்ளியும் குப்பமும் இருக்கும் பேட்டைக்கு என்ன பெயர் தெரியுமா? பெசன்ட் நகர்!

பெசன்ட் அம்மையார் செய்த தந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'நீ பறையன், அதனால் வராதே' என்றால் பழைய சனாதனம். 'நீ அழுக்கு, அதனால் வராதே, குளித்துவிட்டு மூணு தலைமுறை கழித்து வா' என்றால் அது நவீனம், அறிவியல், சீர்திருத்தம். தண்ணீர் யார் கையில் இருந்தது, குளத்தில் இறங்கினால் யார் அடித்தார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. குற்றம் உடம்பின்மீது, அந்த உடம்பைச் சுமக்கும் குழந்தையின்மீது விழுகிறது. நூறு வருஷம் கழித்து மயிலாப்பூர்ப் பள்ளியில் ஆடிய கை கழுவும் நாடகமும் இதே வேலையைத்தான் செய்தது. குழாயில் தண்ணீர் விடாதவனை விட்டுவிட்டு, கழுவத் தெரியாத பிள்ளைக்குப் பாடம் எடுத்தது. அந்தக் குழு நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. பெசன்ட் அம்மையாருக்கும் நல்ல எண்ணந்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே சென்னையில் 1920இல், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, அப்புறம் பாடம் என்று யோசித்தவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 1925இல் அதை நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு கதை.

*

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. தி.நகர் பக்கம் ஒரு பள்ளியில் நாலு மாசம் வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளோடு வேலை செய்தோம். தாளில் எழுதிய 'கருத்து' எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று எங்களுக்குள் முடிவு. ஒருநாள், நேற்று ராத்திரி சாப்பிட்டதை வரையச் சொன்னோம். ஒரு பெண் தட்டு வரைந்து அதில் சோறும் துண்டு துண்டாகக் கறியும் போட்டாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "இன்னாடி இது?" என்றாள். இவள் ரப்பரை எடுத்து அழித்தாள். இட்லி வரைந்தாள். தாளில் அழித்த தடம் அப்படியே தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

சுவரில் 'சரிவிகித உணவு' அட்டை தொங்குகிறது. ஆப்பிள், கேரட், பால், முட்டை, கீரை, ஒரு மீன். மாட்டுக்கறி இல்லை, ஈரல் இல்லை, சுவரொட்டி இல்லை, ரத்தப்பொரியல் இல்லை, கருவாடு இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது. பள்ளியில் வாரத்துக்கு ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் கீரையில் உள்ள இரும்பைவிடக் கறியிலும் ஈரலிலும் ரத்தத்திலும் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் என்பது எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். நம் ஆத்தாமார்கள் வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக்கொடுத்தது சும்மாவா? மலிவாகக் கிடைக்கும் நல்ல சத்தை ஒரு குழந்தை ரப்பரால் அழிக்கிறாள் என்றால், அழிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சுவரில் தொங்கும் அட்டைதான். சில வருஷங்களுக்கு முன் இதே சென்னையில், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காமல் சமைக்கும் ஓர் ஆன்மிக அமைப்பின் அறக்கட்டளையிடம் மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை ஒப்படைத்தார்கள். பூண்டு வாசனையே ஆகாதவர்கள் மாட்டுக்கறிக்கு எங்கே போவார்கள்? 2022 செப்டம்பரில் தமிழக அரசே காலை உணவைக் கையில் எடுத்துக்கொண்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் நாங்கள் மாட்டுக்கறியைப் பற்றி நாடகம் போடவில்லை. அது இன்னொரு தண்டோரா ஆகிவிடும். எங்கள் குழுத் தோழர் ஒருவர் தான் நேற்றுத் தின்றதை வரைந்தார். குடலும் ரசமும். அதைப் பார்த்து ஒரு பையன், "சார், எங்க ஆயா குடல் கழுவறதப் பாக்கணுமே, மாவுல போட்டுத் தேய்க்கும் சார்" என்று ஆரம்பித்து, எப்படிக் கழுவுவது என்று முழுசாக நடித்துக் காட்டினான். ஒரு முறை, ரெண்டு முறை, வெந்நீரில் மூணாவது முறை. சுத்தம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. ரப்பர் வைத்திருந்த பெண் அன்று கையைத் தட்டிச் சிரித்தாள்.

*

பிரேசில்காரர் அகஸ்டோ போவால் (1931-2009) இந்த வேலைக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்திருக்கிறார். ராணுவ ஆட்சியில் சிறைக்குப் போய், நாடு கடந்து, 1973இல் பெரு நாட்டு எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தவர். ஒரு கொடுமையை நடித்துக் காட்டுவது, தீர்வு சொல்லாமல் பாதியில் நிறுத்துவது. பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து நடிகனை நகர்த்திவிட்டுத் தன் வழியை நடித்துப் பார்க்கலாம். கேள்வி கேட்டுக் கிளப்பிவிட ஒரு கோமாளி நடுவில் நிற்பார். நம் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் கேலி செய்வான், சனத்தோடும் பேசுவான், அதே ஆள்தான். போவால் பிற்பாடு ரியோ நகர மன்ற உறுப்பினர் ஆனார். 1993 முதல் 1996 வரை சனங்கள் நாடகத்தில் கண்டுபிடித்த தீர்வுகளை மன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பதின்மூன்று சட்டங்கள் வாங்கினார். நாடகம் கைதட்டலோடு முடிந்துவிடக் கூடாது என்பதுதான் இதில் விஷயம்.

பக்கத்திலேயே உதாரணம் உண்டு. நெல்லூர் மாவட்டத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பு. பாடப்புத்தகத்தில் சாராயத்தால் பாழான குடும்பத்துப் பெண்ணின் கதை. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள், இது நம்ம கதை என்றார்கள், சாராயக் கடையை மூடவைத்தார்கள். அங்கிருந்து ஆந்திரா முழுக்கப் பற்றிக்கொண்டது. 1993 அக்டோபரில் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வந்தது. 'கற்றுக்கொள்' என்று சொன்ன அரசுக்கு, கற்றுக்கொண்ட பெண்களைப் பார்த்துக் கலக்கம் வந்துவிட்டது.

இங்கே, 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கானா பாடுகிற பையன் மேடை ஏறுகிறான், பறையாட்டம் ஆடுகிற பெண் பரிசு வாங்குகிறாள். சந்தோஷம். ஆனால் அது போட்டி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மதிப்பெண் அட்டை. வலியைச் சொல்வதற்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

'கலையைக் குப்பத்துக்குக் கொண்டுபோவது' பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 2015 முதல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடந்தது. டி.எம்.கிருஷ்ணா போன்றவர்கள் முன்னின்றார்கள், கர்நாடக சங்கீதமும் பரதமும் கடற்கரைக்கு வந்தன, பறையும் கூத்தும் அதே மேடையில் ஏறின. மயிலாப்பூர் சபா மேடைகளைவிட அது ஆயிரம் மடங்கு மேல். (ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது மீனவர் குப்பம். குப்பம், சேரி எல்லாம் ஒன்று என்று கலந்துகட்டிப் பேசுவது மேலேயிருந்து பார்க்கிறவர்களின் பழக்கம்.) ஆனாலும் எனக்கு ஒரு குறை. குப்பத்துக்கு வந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்பது எங்கேயும் பதிவாகவில்லை. பிற்பாடு நீலம் தோழர்கள் 'மார்கழியில் மக்களிசை' என்று எதிர்த்திசையில் நடந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அந்தத் திசைதான் வேண்டும்.

பறையையே தொடாதே என்று சொல்லும் நம் தோழர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்தியவர்கள் உண்டு, அதையே விடுதலையின் முழக்கமாக எடுத்து அடித்தவர்களும் உண்டு. தொண்ணூறுகளில் இதற்காக நாம் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். என் கட்சி இது: பிள்ளை தானாக எடுத்து அடித்தால் கலை. விழாவுக்கு வரும் அதிகாரியை வரவேற்க, 'நீ நல்லா அடிப்பியேடா' என்று வாத்தியார் குறிப்பிட்ட தெருப் பையன்களை மட்டும் கூப்பிட்டால், அது பழைய வேலை.

*

மனநலம், மனநலம் என்கிறார்கள். மூச்சை இழுத்து விடு, கண்ணை மூடு, நல்லதை நினை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, நன்றாகப் படிக்கிறான் என்ற பொறாமையும் சாதித் திமிரும் சேர்ந்து, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். நீதியரசர் சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகள் வரைக்கும் அது பேசியது. சரி, அந்தக் கயிறைப் பற்றி ஒரு காட்சியைப் பிள்ளைகளே நடித்துப் பார்க்க எந்தப் பள்ளி இடம் கொடுக்கும்? கயிறு கட்டியவனாக ஒருநாள் இவன் நடிக்கட்டும், கட்டாதவனாக அவன் நடிக்கட்டும். வெட்டு விழுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய மனநல வகுப்பு அதுதான்.

அதே 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த வழக்கில் தலைமை ஆசிரியை கைதானார். வெளியே வந்தது எப்படித் தெரியுமா? ஒரு பிள்ளைக்கு டெங்கு. எப்படிடா வந்தது என்று தாய் கேட்க, கக்கூஸ் கழுவும்போது கொசு கடித்ததைப் பிள்ளை சொன்னதாகச் செய்தி வந்தது. டெங்கு விழிப்புணர்வு நாடகம் ஆயிரம் போட்டாலும் இந்தக் காட்சி அதில் வராது. தாய் கேட்டதுபோல நாமும் கேட்டால்தான் வரும்.

தி.நகர்ப் பள்ளியில் நாங்கள் கேட்ட விதம் இது. தரையில் ஒருத்தியைப் படுக்கவைத்து, சாக்பீஸால் உடம்பைச் சுற்றிக் கோடு போட்டோம். எங்கே வலிக்கிறதோ அங்கே ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். வயிறு, பல், தலை என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஒரு பையன் மூக்கில் வைத்தான். "சளியா?" என்றேன். "இல்ல சார். பஸ்ல நான் குந்துனா பக்கத்துல இருக்கறவன் மூக்கப் பொத்திக்கினான் சார்." அவன் வீடு கால்வாய் ஓரம். எனக்கு 1909 ஞாபகம் வந்தது.

பெண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு மேல் அடிவயிற்றில் வைத்தார்கள். மாதவிலக்கு என்று நினைத்துக்கொண்டோம். அதுவும் இருந்தது, ஆனால் முதல் காரணம் வேறு. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்குகிறார்கள். அடக்குவதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, எரிச்சல், காய்ச்சல். சுவரில் 'தினமும் எட்டுத் தம்ளர் தண்ணீர் குடிப்போம்' என்று எழுதியிருக்கிறது. "குடிச்சா போவணும்ல மிஸ்" என்றாள் ஒருத்தி, எங்கள் குழுப் பெண் தோழரிடம்.

அதையே காட்சியாக்கினார்கள். வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்கிறாள், டீச்சர் "உக்காரு" என்கிறார், அவள் நெளிகிறாள், நிறுத்து. இனி யார் வேண்டுமானாலும் வரலாம். ஒருத்தி வந்து பொய் சொல்லி வெளியே போனாள். இன்னொருத்தி தோழியைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைப் பிடிக்கச் சொன்னாள். "தெனம் யார்டி புடிப்பா?" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. மூணாவதாக வந்தவள் வகுப்பில் இருந்த பெண்கள் அத்தனை பேரையும் எழுப்பி வரிசையாக நிறுத்தி, எச்.எம். அறை வாசலுக்கு நடத்திக்கொண்டு போனாள். டீச்சராக நடித்த பெண்ணும் கடைசியில் வரிசையில் சேர்ந்துகொண்டாள். டீச்சர்களுக்கும் அதே கழிப்பறைதானாம்.

நாடகத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அந்த நாலு மாசத்துக்குள் எங்களோடு இருந்த ரெண்டு பிள்ளைகள் காணாமல் போனார்கள். வீட்டை இடித்துப் பெரும்பாக்கம் அனுப்பிவிட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து எத்தனை குடும்பம் அப்படிப் போயிற்று! 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்தே செத்துப்போனார். வீடில்லாத பிள்ளைக்கு நலவாழ்வு வகுப்பு எடுக்க எனக்குத் தெரியாது. அந்த ரெண்டு பிள்ளைகளின் புளியங்கொட்டைகள் எங்கள் பையில் கிடந்தன.

ஆனால் ஒன்று செய்யலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் உரிய இடம். 2022இல் தமிழகத்தில் அவற்றைத் திருத்தி அமைத்தார்கள். பிள்ளைகள் போடும் காட்சி ஆண்டு விழா மேடைக்குப் போக வேண்டியதில்லை, இந்தக் குழு முன்னால் வர வேண்டும். போட்டு முடித்ததும் தீர்மானப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். போவால் பதின்மூன்று சட்டம் வாங்கினார், நமக்கு ஒரு தாழ்ப்பாள் வராதா? கல்லூரியில் படிக்கும் தோழர்கள் வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்கினால் போதும். பறை வேண்டாம், பேனர் வேண்டாம். ஒரு சாக்பீஸ், ஒரு பிடி புளியங்கொட்டை.

எங்கள் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. "எல்லாம் நல்லா இருக்கு, அந்தக் கக்கூஸ் சீன மட்டும் எடுத்துடுங்க, சீஃப் கெஸ்ட் வராரு" என்றார்கள். பிள்ளைகள் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மூணாவதாக வந்து வரிசை நடத்தியவள்தான் சொன்னாள்: "அப்போ நாங்க டான்ஸே ஆடிக்கிறோம் சார். நாடகத்த வேற நாள் போட்டுக்கிறோம்."

வேறு நாள் என்பது மேலாண்மைக் குழுக் கூட்ட நாள். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில், பத்துப் பதினஞ்சு தாய்மார்கள், நாலு ஆம்பளைகள் முன்னால் போட்டார்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அம்மா, "தாப்பா இன்னா வெல ஆவும்?" என்றார். தச்சுவேலை செய்யும் ஒரு அப்பா, "நானே போட்டுருவேன் அது பெரிய வேலையில்ல. ஆனா போட மாட்டேன். ஸ்கூலுக்கு வந்த காசு எங்க போச்சுன்னு மொதல்ல எழுதுங்க" என்றார். எழுதினார்கள்.

நாலு கதவில் ரெண்டுக்குத் தாழ்ப்பாள் வந்திருக்கிறது. மற்ற ரெண்டுக்கு அடுத்த கூட்டத்தில் கேட்பதாக இருக்கிறார்கள்.